தார்ப்பாய்க்குள் இருந்த வண்டி

நீடாமங்கலம்
6.2.2026, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி மலர்க்கொடி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சுகம். நீங்களும் அந்த மணல் காட்டில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் என்னதான் பேசுகிறீர்கள்? வெள்ளிக்கிழமை டவுனுக்கு வந்தால் உங்களுக்கு சிக்னல் கிடைக்கிறது. சாப்பிட்டியா, அம்மா மாத்திரை போட்டாங்களா, அங்க மழை உண்டா. மூன்று கேள்வி, மூன்று நிமிடம். நான் வேறு எதையாவது ஆரம்பித்தால், கூப்பிடுறாங்க என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது. உங்கள் கேம்ப்பில் சமையல் பார்க்கிற கூத்தாநல்லூர் அன்சார் அண்ணன் லீவு முடிந்து பதினாறாம் தேதி திருச்சியில் விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பினால், வந்து சேரவில்லை என்று நீங்கள் சாக்குச் சொல்லவும் வழியில்லை. அதுவரை பத்து நாள் இருக்கிறது. நேரம் கிடைக்கிறபோதெல்லாம் எழுதப் போகிறேன்.

அண்ணன் போன வாரம் கடைக்கு வந்திருந்தார். நீங்கள் கொடுத்துவிட்ட பேரீச்சம்பழமும் தைலமும் வந்தன. தைலத்தை அத்தை அன்றைக்கே பாதி தீர்த்துவிட்டார். டீ குடித்துக்கொண்டே அண்ணன் உங்களைப் பற்றி ஒன்று சொன்னார். வண்டி கழுவுகிறீர்களாம். மெக்கானிக் வேலை என்றுதானே எங்களிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள்? போன இடத்தில், எனக்கு இன்ஜின் வேலை தெரியாது என்று சொல்லி ஹோஸ் பைப்பைக் கையில் வாங்கிக்கொண்டீர்களாம்.

அந்த கேம்ப்பில் எட்டு டூ ஸ்ட்ரோக் நாலு சக்கர வண்டிகள் இருக்கின்றனவாமே, ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கென்று. இந்த சீசனில் மூன்று இன்ஜின் போய்விட்டதாம். அங்கே இருக்கிற மெக்கானிக் பிஸ்டனை மாற்றுவார், மறுபடி போகும், மறுபடி மாற்றுவார். ஏர் ஃபில்டரில் மாவு மாதிரி மணல் அடைத்துக் கிடப்பதை அவர் திரும்பியே பார்ப்பதில்லையாம். அதைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, எண்ணெய் தடவிப் போட உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகுமா? அன்சார் அண்ணன் சொன்னார்: "பரிதிக்குத் தெரியும்மா. ஒவ்வொரு வண்டி கெளம்புறப்பவும் காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டே நிப்பாரு. வாயை மட்டும் தொறக்க மாட்டாரு." எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணன் மேலேயே எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

இன்னொன்றும் சொன்னார். உங்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்டு இந்த மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள் என்று. நீங்கள் சரி என்று தலையாட்டிவிட்டீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

நடந்ததை நான் மறந்துவிட்டுப் பேசவில்லை. போன வருடம் மார்ச் மாதம் பூதலூர் சாய்ராமுடைய நாலு சக்கர ரேஸ் வண்டிக்கு நீங்கள் புது பிஸ்டன், புது ரிங் போட்டுக் கொடுத்தீர்கள். மறுநாளே அறுவடை முடிந்த வயலில் அவர் முழு வேகத்தில் போகும்போது இன்ஜின் சுற்றாமல் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் இரண்டும் நின்று, ஆளைத் தூக்கி எறிந்துவிட்டது. அவருக்கு மணிக்கட்டும் காறை எலும்பும் உடைந்தன. அவருடைய அப்பா வெங்கட்ராகவன் சார் வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி வந்து நம் கடை வாசலில் இறக்கினார். ரயில்வே கேட் மூடி, இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் நின்ற நேரம். ஹெட்மாஸ்டராக இருந்த அந்தக் குரலில் அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவன் கையில இனிமே ஒரு சைக்கிளைக்கூடக் குடுக்காதீங்க." நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். அதற்கப்புறம் ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினீர்கள், இரண்டு மாதத்தில் விமானம் ஏறிவிட்டீர்கள்.

பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கிற அந்தச் சின்ன வளையம், லாக், அது சரியாக உட்காராமல் போயிருக்கும் என்றுதான் நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். சோற்றைப் பிசைந்தபடியே, லாக்குதான், லாக்குதான் என்பீர்கள். சரி, உங்கள் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். மனுஷன் கைதானே. நான் அதை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். கட்டினவளே மன்னித்தபிறகு ஊருக்கு எதற்குப் பயப்படுகிறீர்கள்?

கடை விஷயம். மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ரிப்பேர் குறைவில்லாமல் வருகிறது. தாளடி நெல்லில் புகையான் பூச்சி விழுந்திருக்கிறது, ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நேற்று நம் தெரு வைரக்கண்ணு அண்ணனும் காத்தாயி அக்காவும் வந்தார்கள். அக்கா அவசரத்தில் எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஸ்பிரேயரில் ஊற்றிக் கொடுத்துவிட்டது. அரை ஏக்கர் அடிப்பதற்குள் இன்ஜின் பிடித்துவிட்டது. லிட்டருக்கு நாற்பது மில்லி எண்ணெய் கலக்கணும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "கண்ணு எங்கக்கா போச்சு?" என்று கடையில் இருந்த நாலு பேர் முன்னால் பிடித்து வாங்கிவிட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றது. நாலு பேரும் சிரித்தார்கள். இப்போதெல்லாம் கடையில் என் அதிகாரம்தான், தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான சங்கதி. சாய்ராம் போன் செய்தார். அந்த வண்டியை வாங்கிக்கொள்ள கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் செவ்வாய்க்கிழமை வருகிறாராம். உள்ளே எது போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் எடுப்பாராம். முடிந்தால் இன்ஜினைத் திறந்து வையுங்கள் என்றார். குரலில் கோபமெல்லாம் இல்லை. நான் சரி என்றேன். பதினோரு மாதத்துக்கு அப்புறம் தார்ப்பாயை எடுத்தேன் மாமா. உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றி, இரண்டு சிலிண்டரிலும் டீசல் ஊற்றி ஊறவிட்டிருக்கிறேன். நீங்கள் பயந்த அந்த லாக்கை ஞாயிற்றுக்கிழமை என் கண்ணால் பார்த்துவிடுகிறேன்.


8.2.2026, ஞாயிறு சாயங்காலம்

மேலே எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். கிழித்துவிடலாம் என்று கை போனது. கிழிக்கவில்லை. நீங்கள் அதையும் படிக்க வேண்டும்.

முதலில் உங்களுக்கு வேண்டிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். லாக் நாலும் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. இரண்டு பிஸ்டன், பிஸ்டனுக்கு இரண்டு லாக். பள்ளத்தில் நகம் நுழையாத அளவுக்கு அழுந்தி உட்கார்ந்திருக்கின்றன. ரிங்கும் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். கேஸ்கெட்டில் ஒரு இடத்தில்கூடக் கசிவு இல்லை. நீங்கள் செய்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை மாமா. இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு அப்புறம் கீழே படியுங்கள்.

காலையில் ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை மரச்சுத்தியால் தட்டித் தட்டி எடுப்பதற்குள் பதினொன்றாகிவிட்டது. இரண்டு பிஸ்டனிலும் ஒரே மாதிரி சுற்றிலும் மேலிருந்து கீழ்வரை கீறல் விழுந்திருந்தது. பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடின் கீழ்ப்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. எண்ணெய் இல்லாமல் காய்ந்தால்தான் இரும்புக்கு அந்த நிறம் வரும், நீங்கள் காட்டித்தான் எனக்குத் தெரியும். காத்தாயி அக்காவுடைய ஸ்பிரேயரிலிருந்து நான் எடுத்த பிஸ்டன் பெஞ்சில் கிடந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்காவும் தங்கையும் மாதிரி ஒரே சாயல்.

எண்ணெய் கலக்காத பெட்ரோல். எனக்கு உடனே சாய்ராம் மேல்தான் கோபம் வந்தது. பூதலூர் போனதும் வெறும் பெட்ரோலை ஊற்றியிருப்பார், பழி மட்டும் உங்கள் மேல். போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் இந்த வண்டிக்குத்தான் தனியாக ஆயில் டப்பா இருக்கிறதே, அப்புறம் எப்படி வெறும் பெட்ரோலில் காயும் என்று ஒரு யோசனை. குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் அந்த வெள்ளை பாட்டில், அதில் கோடு வரைக்கும் பச்சை எண்ணெய் அப்படியே இருந்தது. இன்ஜினுக்கு இறங்கவே இல்லை. குழாய் அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன்.

அது கார்ப்ரேட்டருக்குப் போகவில்லை மாமா. ரேடியேட்டருக்குப் போகிறது.

மூடியைத் திறந்து விரலை விட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. தண்ணீர். ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைத் தண்ணீர். அந்த வண்டிக்கு ஆயில் டப்பாவே கிடையாது. நம் ஸ்பிரேயர் மாதிரி பெட்ரோலிலேயே கலந்துதான் ஊற்ற வேண்டும்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். புரியாவிட்டாலும் நானே சொல்கிறேன், என் கையால் எழுதித்தான் ஆகவேண்டும். அன்றைக்கு நீங்கள் மன்னார்குடி லேத்துக்குப் போயிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன சாய்ராம் சனிக்கிழமையே குட்டி யானையோடு வந்து நின்றார். நீங்கள் ஓட்டிப் பார்க்கக் கலந்து ஊற்றியதில் கொஞ்சம்தான் டேங்கில் மிச்சம் இருந்தது. ஆயில் இருக்கா என்று கேட்டார். நான் அந்த பாட்டிலைப் பார்த்தேன். நாம் கடையில் விற்கிற எண்ணெயும் பச்சைதானே. "ஃபுல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, ஐந்து லிட்டர் வெறும் பெட்ரோலை நான்தான் ஊற்றினேன். பழைய பைக்குகளில் ஆயில் டேங்க் தனியாக இருக்கும், பெட்ரோலை அப்படியே ஊற்றலாம். இதுவும் அந்த ஜாதி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை மாமா. அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட, பெட்ரோல் யார் ஊற்றினது, கலந்துதான் ஊற்றினாயா என்று கேட்கவில்லை. மாதம் நூறு தடவை கலக்குகிறவள் ஆயிற்றே, தப்பு வராது என்று விட்டுவிட்டீர்கள். என் கையை நம்பினீர்கள், உங்கள் கையைச் சந்தேகப்பட்டீர்கள். இதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று இரண்டு பக்கத்துக்கு முன்னால் பெரிய மனுஷி மாதிரி எழுதியிருக்கிறேன். யார் யாரை மன்னிக்கிறது? எழுத முடியவில்லை, அப்புறம் எழுதுகிறேன்.


10.2.2026, செவ்வாய்

அத்தையிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துக்கொண்டு அவர் கையால் சோறு வாங்கிச் சாப்பிட முடியாது. அவருக்கு இன்ஜின் கதை புரியவில்லை. கடைசியில், உங்க மகன் தப்பில்லை அத்தை, என் தப்பு, என் தப்புக்குத்தான் அவர் அங்கே போய்க் கிடக்கிறார் என்றேன். அது புரிந்தது. எனக்குத் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். திங்கட்கிழமை காலையில் நான் புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறபோது, எங்கே கிளம்பினாய் என்று கேட்டார். பூதலூருக்கு என்றேன். அங்கே போய்ச் சொல்லி உனக்கு என்ன ஆகப்போகிறது, கடைக்கு ஒருத்தனும் வர மாட்டான் என்றார். வராவிட்டால் போகட்டும் என்றேன். காபியை ஆற்றி என் கையில் கொடுத்தார். "அவனுக்கும் சொல்லிடு. அவங்களுக்குச் சொல்லிட்டு அவனுக்குச் சொல்லாம இருந்துறாத" என்றார்.

ஒரு பிஸ்டனைப் பேப்பரில் சுற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பாசஞ்சரில் தஞ்சாவூர் போய், அங்கிருந்து வேறு வண்டி பிடித்துப் பூதலூர் போனேன். பயமாக இருந்தது மாமா, பொய் சொல்ல மாட்டேன். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் யோசனை. வண்டி நாளைக்குக் கோயம்புத்தூர் போய்விடும், யாருக்கும் தெரியாது, கடை இருக்கும், என் பேர் இருக்கும். உங்கள் பேர்தான் ஏற்கெனவே கெட்டுப்போய்விட்டதே, இன்னும் கெட என்ன இருக்கிறது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படியும் நினைத்தவள்தான் நான்.

வெங்கட்ராகவன் சார் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்டனை மேஜை மேல் வைத்தேன். சாய்ராம் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இடது கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை. "நான் கேட்டேன், நீங்க ஃபுல்லா இருக்குன்னு சொன்னீங்க" என்றார் அவர். ஆமாம் சார் என்றேன்.

சாருக்குத்தான் கோபம் வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக இல்லை. இந்த டூ ஸ்ட்ரோக் சனியனை நம்பாதே என்று அன்றைக்கே சொன்னேன் என்று மகனை ஒரு பாட்டம், ஒரு வருடம் கழித்து வந்து சொல்கிறாயே என்று என்னை ஒரு பாட்டம். எனக்கே நேற்றுத்தான் தெரியும் சார் என்றேன். வண்டி போன பிறகு யாருக்குத் தெரியப் போகிறது, சொல்லாமலே இருந்திருக்கலாமே என்றார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "அவரு அங்க வண்டி கழுவுறாரு சார். இன்ஜினைத் தொட்டா யாராவது செத்துருவாங்கன்னு நெனைக்கிறாரு" என்றேன்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நீங்கள் போய் எத்தனை மாதம் ஆகிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது வருவீர்கள் என்று விசாரித்தார். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறார் என்றேன். கடைவீதியில் வைத்துச் சொன்னதைக் கடைவீதியில் வைத்துத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். சாய்ராம் என்னை ஸ்டேஷன் வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். அவருடைய வண்டியும் டூ ஸ்ட்ரோக் பழைய ஸ்கூட்டர்தான். இறங்கும்போது, இதில் ஆயில் டேங்க் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் பார்க்கலாம் என்றார். காட்டினேன். அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோயம்புத்தூர்க்காரருக்கு சாய்ராம் நேற்றே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வண்டி நம் கடையிலேயே இருக்கிறது.


15.2.2026, ஞாயிறு

நாளைக்கு அன்சார் அண்ணன் கிளம்புகிறார். மாலை ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதற்குள் முடிக்க வேண்டும்.

வெங்கட்ராகவன் சார் சொன்னபடியே காலையில் பத்து மணிக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. நாற்காலி போட்டேன். நான் பேசிவிட்டுப் போகிறேன் அம்மா, கேட் மூடட்டும் என்றார். என்றைக்கும் மூடியே கிடந்து நம் உயிரை வாங்குகிற கேட் இன்றைக்குப் பார்த்துத் திறந்தே கிடந்தது. முக்கால் மணி நேரம். சார் இரண்டு டீ குடித்தார். நடுவில் எழுந்து போய் கேட் கீப்பரிடம் அடுத்த ரயில் எப்போது என்று கேட்டுவிட்டு வந்தார். காத்தாயி அக்கா செய்தி கேள்விப்பட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அக்காவிடம் நான் போன வாரமே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "கண்ணு எங்கடி போச்சு?" என்று அது திருப்பிக் கேட்டுவிட்டு, விடாமல் சிரித்தது. இன்னும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறது.

பத்தே முக்காலுக்கு கேட் விழுந்தது. மன்னார்குடி பஸ் ஒன்று, இரண்டு லாரி, அறுவடை மிஷின் ஒன்று, பைக்குகள். சார் கடை வாசலில் நின்று பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்: "போன வருஷம் இதே எடத்துல நின்னு மெக்கானிக் பரிதியை ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு. அவர் வேலையில ஒரு குறையும் இல்லை. எல்லாரும் கேட்டுக்கோங்க." என் பேரை அவர் சொல்லவில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளையைத் தெருவில் வைத்துச் சொல்வது முறையில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் நானே முன்னால் வந்து, "எண்ணெய் கலக்காம பெட்ரோல் ஊத்துனது நான்தான்" என்றேன்.

அப்புறம் என்ன நடந்தது என்று கேளுங்கள். பஸ் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே, யாரு சார் பரிதி என்று கேட்டார். ஒரு லாரிக்காரர், ஏதாவது கட்சிக் கூட்டமா என்று கேட்டார். மிஷின் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் காதில் விழவே இல்லை. தெரிந்த நாலைந்து பேர் மட்டும், ஓ அந்த விஷயமா, அது முடிஞ்சு போச்சே என்றார்கள். ரயில் போனது, கேட் திறந்தது, எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சாருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு முதலில் ஏமாற்றம், அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு. ஊர் அதை எப்போதோ மறந்துவிட்டது மாமா. நீங்கள் ஒருத்தர்தான் அங்கே உட்கார்ந்துகொண்டு அதைத் தினமும் கழுவிக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறீர்கள்.

கடைக்கு ஒருத்தனும் வர மாட்டான் என்று அத்தை சொன்னாரே, இரண்டு பேர் வேறு கடைக்குப் போனது உண்மைதான். ஆனால் வைரக்கண்ணு அண்ணன் ஸ்பிரேயரை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். தப்பு பண்ணினால் வாயால் சொல்கிற மெக்கானிக் எங்கே கிடைப்பார் என்றாராம், அக்கா வந்து சொன்னது. இப்போது கடையில் எந்த வண்டி வந்தாலும், டேங்கைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்துவிடுகிறேன். நேரம் ஆகிறது, ஆகட்டும். டூ ஸ்ட்ரோக் வண்டியை நம்ப முடியாது என்று சார் இன்னும்தான் சொல்கிறார். வண்டி நம்மை ஏமாற்றவில்லை சார், அதற்கு வேண்டியதை நான்தான் கொடுக்கவில்லை என்றேன். கேட்டுக்கொண்டார்.

சாய்ராம் புது பிஸ்டனும் பேரிங்கும் வரவழைக்கிறார். இரண்டு வாரத்தில் வந்துவிடும். அவர் ஓட்டப் போவதில்லையாம், ஓடுகிற வண்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். நீங்களே பூட்டிவிடுங்களேன் என்று என்னிடம் சொன்னார். என்னால் பூட்ட முடியும் மாமா, வீம்புக்குச் சொல்லவில்லை. திறந்தவளுக்குப் பூட்டத் தெரியாதா? ஆனால் பூட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பூதலூருக்குக் கொண்டுபோன பிஸ்டனுக்காக ஒரு லாக்கைத்தான் கழற்றினேன், மற்ற மூன்றும் நீங்கள் போட்டபடியே இருக்கின்றன. நீங்கள் வந்து உங்கள் கண்ணால் பார்த்து, உங்கள் கையால் கழற்ற வேண்டும்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை பிடித்துப்போய், சம்பளத்துக்காக, சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்றால் போடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் காரணத்துக்காக இருக்காதீர்கள். அந்தக் காரணம் இப்போது இல்லை, அது என்னுடையது, என்னிடம் கொடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் அந்த எட்டு வண்டிக்கும் ஏர் ஃபில்டரைக் கழுவிப் போட்டுவிட்டு வாருங்கள். அந்த மெக்கானிக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அவரும் பிள்ளை குட்டிக்காரராக இருப்பார்.

அத்தை உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். வேறு ஏதாவது சொல்லட்டுமா என்று கேட்டேன். "உங்கம்மா சோறு வடிச்சு வச்சிருக்காங்கன்னு எழுது, அவனுக்குப் புரியும்" என்றார்.

அன்சார் அண்ணன் வந்துவிட்டார், வாசலில் பைக் சத்தம் கேட்கிறது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நீங்கள் என்னிடம் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. நான்தான் ஓயாமல் கத்தியிருக்கிறேன். இந்த ஒரு தடவை நீங்கள் கத்துங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். போனில் வேண்டாம், பதில் கடிதத்திலும் வேண்டாம். என் எதிரில் வந்து நின்று திட்டுங்கள் மாமா.

திட்டு வாங்கக் காத்துக்கொண்டிருக்கும்
உங்கள் மலர்க்கொடி